வடசென்னைக் கரையில் கடற்பறவைகளை அறியத் தொடங்குவோருக்கு

கடற்பறவைகளைப் பார்க்க விரும்பும் சென்னைவாசிகள் பலரும் முதலில் கேட்பது பழவேற்காடு ஏரிக்கு எப்படிப் போவது என்பதைத்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது வேறு. முதல் பருவம் முழுவதும் காசிமேட்டை விட்டு நகராதீர்கள். பழவேற்காட்டில் பறவைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவை தொலைவிலுள்ள மணல்திட்டுகளில் வெண்புள்ளிகளாகத்தான் தெரியும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலோ அவை படகின் கைப்பிடிக் கம்பியில் வந்து அமர்ந்து, கண்ணின் நிறம் தெரியும் அளவுக்கு நெருக்கத்தில் நிற்கும். ஒரு பறவையின் உடலமைப்பையும் வாழ்க்கையையும் கற்பதற்கு அந்த நெருக்கம் தேவை.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு

உணவுக்குக் கடலை நம்பி வாழும் பறவைகளையே கடற்பறவைகள் என்கிறோம். உலகில் இத்தகைய இனங்கள் சுமார் 350 உள்ளன. அவற்றுள் ஆல்பட்ராஸ், பெட்ரல், ஷியர்வாட்டர் போன்றவை முட்டையிடவும் குஞ்சு பொரிக்கவும் மட்டுமே நிலத்தை நாடுபவை. அவற்றைக் கரையில் நின்று காண்பது அரிது. கடற்காகம் (கடற்புறா), ஆலா (டெர்ன்), நீர்க்காகம், கூழைக்கடா ஆகியவை கரையை ஒட்டி வாழ்பவை. வடசென்னையில் நாம் நாள்தோறும் காணக்கூடியவை இவைதாம். துறைமுகத்தில் வட்டமிடும் செம்பருந்தும் கள்ளப்பருந்தும், பாறைகளில் நிற்கும் கொக்குகளும், எண்ணூர்க் கழிமுகத்தில் மேயும் பூநாரைகளும் கடற்பறவைகளின் அண்டை வீட்டார்கள். அவற்றையும் குறித்துக்கொள்ளலாம், ஆனால் தொடக்கத்தில் அவற்றின் பின்னால் செல்ல வேண்டாம்.

களத்திற்குப் போகும் முன் ஒரு கடற்பறவையின் உடலைப் பற்றி மூன்று செய்திகளை மனத்தில் இருத்திக்கொண்டால், அங்கே காணும் பல செயல்களின் காரணம் தானே விளங்கும்.

முதலாவது, உப்பு. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு உள்ளது. அதை நாம் குடித்தால் அந்த உப்பை வெளியேற்றுவதற்கு நம் சிறுநீரகம் குடித்த நீரைவிட அதிக நீரைச் செலவிட வேண்டியிருக்கும். கடற்பறவைகளுக்கோ கண்களுக்கு மேலே, மண்டையோட்டின் பள்ளங்களில், இரண்டு உப்புச் சுரப்பிகள் உள்ளன. இரத்தத்திலுள்ள மிகுதியான உப்பைப் பிரித்தெடுத்து, கடல்நீரைவிட அடர்த்தியான உப்புநீராக நாசித்துளைகள் வழியே அவை வெளியேற்றுகின்றன. க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்னும் உடலியல் அறிஞர் 1950களின் பிற்பகுதியில் இதைக் கண்டறிந்து விளக்கினார். காசிமேட்டில் ஒரு கடற்காகம் இரை உண்டபின் அமைதியாக அமர்ந்திருக்கும்போது அதன் அலகு நுனியைத் தொலைநோக்கியால் பாருங்கள். தெளிந்த நீர்த்துளி ஒன்று மெல்லத் திரண்டு தொங்கும். சற்று நேரத்தில் பறவை தலையைச் சட்டென உதறி அதை எறியும். சளி பிடித்த பறவை என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் உண்டு. உண்மையில் அது கடலில் உயிர்வாழ்வதற்கான முதன்மையான ஏற்பாடு.

இரண்டாவது, இறகு. ஒவ்வோர் இறகின் இழைகளும் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அத்தகைய இறகுகள் கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நீரை வெளியே நிறுத்தி, தோலை ஒட்டி ஒரு காற்றுப் படலத்தைக் காக்கின்றன. பறவை தன் பகற்பொழுதில் கணிசமான நேரத்தை இறகு கோதுவதில் செலவிடுவது இந்தப் பிணைப்பைச் சீராக வைப்பதற்காகவே. வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகுகளில் பூசுவதையும் காணலாம்.

மூன்றாவது, வாழ்க்கையின் வேகம். கடற்பறவைகளில் பெரும்பாலானவை நீண்ட காலம் வாழ்ந்து, தாமதமாக இனப்பெருக்கத்தைத் தொடங்கி, குறைவாக முட்டையிடுபவை. பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் 1956ஆம் ஆண்டு வளையம் இடப்பட்ட ‘விஸ்டம்’ என்னும் லேசன் ஆல்பட்ராஸ் 2024ஆம் ஆண்டிலும் முட்டையிட்டது. அப்போது அதன் வயது எழுபதைக் கடந்திருந்தது. கடற்காகங்கள் பொதுவாக இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். பெரிய கொண்டை ஆலாவுக்கு வழக்கமாக ஒன்றுதான். இரை தொலைவில் இருக்கையில் பல குஞ்சுகளை வளர்ப்பது இயலாது என்பதே இதற்கான முக்கியக் காரணம். ஒரு முதிர்ந்த பறவை இறந்தால் அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். கரையில் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றிப் பின்னர் சொல்லப்போவது அனைத்தும் இதிலிருந்தே வருகிறது.

கருவிகள்

8×42 அல்லது 10×42 அளவுள்ள இருகண் தொலைநோக்கி ஒன்று, கையடக்கக் குறிப்பேடு, பென்சில், தொப்பி, தண்ணீர் ஆகியவை போதும். கேமரா இல்லை என்பது குறையன்று; முதல் சில மாதங்களுக்குக் கேமரா இல்லாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. படம் எடுப்பதில் மனம் போய்விட்டால் பறவை என்ன செய்கிறது என்பது கண்ணில் படாது. துறைமுகத்தின் ஈரத்தரையில் வழுக்காத செருப்பு அணியுங்கள்.

இடமும் நேரமும் வெளிச்சமும்

கிழக்குக் கரையில் வாழும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. காலையில் கதிரவன் கடலின் பக்கமிருந்து எழுவதால், கரையில் நின்று கடலைப் பார்த்தால் எல்லாப் பறவைகளும் கரிய நிழலுருவங்களாகவே தெரியும். அலகின் நிறம், காலின் நிறம், கண்ணின் நிறம் எதுவும் புலப்படாது. ஆகவே காலை வேளையில் வெயில் முதுகில் படும்படி, அதாவது மேற்கே பார்த்து நிற்கக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காசிமேட்டில் படகுத்துறையின் கடலோரப் பக்கம் நின்று, கட்டப்பட்டிருக்கும் விசைப்படகுகளை நோக்கினால் இது இயலும். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையிலான திறந்த கரைக்கு மாலை மூன்றரை மணிக்குமேல் செல்வது நல்லது. அப்போது வெளிச்சம் நம் முதுகுப்புறமிருந்து கடல்மேல் விழும்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும் பொழுதும் அதையடுத்த இரண்டு மணி நேரமும் பறவைகளுக்கு விருந்து. வலையிலிருந்து ஒதுக்கப்படும் சிறுமீன்களையும் கழிவுகளையும் நாடி அவை கூடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் நமக்கும் நிற்க இடமிருக்காது, வியாபாரம் செய்பவர்களுக்கும் இடைஞ்சல். வார நாளில் போய், அங்கே இருப்பவரிடம் “அண்ணா, பறவை பார்க்க வந்திருக்கிறேன், இங்கே ஓரமாக நிற்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். உலர்த்தியிருக்கும் வலையைக் காலால் மிதிக்காதீர்கள். ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் வரும் வழியை மறிக்காதீர்கள். மீன் விற்கும் அக்காமார்களிடமும் படகிலிருந்து இறங்கும் தொழிலாளர்களிடமும் பேச வாய்ப்புக் கிடைத்தால் பேசுங்கள். எந்தக் காற்றில் எந்தப் பறவை வரும், எந்தப் பறவை கூட்டமாகப் பாயுமிடத்தில் மீன் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிழைப்போடு கலந்த அறிவு.

சென்னைத் துறைமுகமும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் பாதுகாப்புக்கு உட்பட்டவை; அங்கே படமெடுக்கவோ டிரோன் பறக்கவிடவோ முயல வேண்டாம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இருப்பதால் திருவொற்றியூர்க் கரைக்குச் செல்வது இப்போது எளிது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியுள்ள பாறைகளிலும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளிலும் பறவைகள் இளைப்பாறும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுவதால் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபடி சாலையோரத்தில் ஓர் அடிகூட எடுத்துவைக்காதீர்கள்.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை நெட்டுக்குப்பத்தின் பக்கமிருந்து பார்க்கலாம். அங்கே போக நேரம் குறிக்கும்போது கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்ற வற்றத்தைப் பாருங்கள். வற்றத்தில் சேற்றுத் திட்டுகளும் மணல்திட்டுகளும் வெளிப்பட்டு, பறவைகள் இறங்கி மேயும். ஏற்றத்தில் அவை எஞ்சிய சிறு திட்டில் நெருங்கி நிற்கும். ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையிலான வேறுபாடு மிகுதி.

ஒரே ஒரு பறவை

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இந்தப் படிநிலையைத்தான். பட்டியலை நீட்டும் ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டு, பழுப்புத்தலைக் கடற்காகம் என்னும் ஒரே பறவையை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். கடற்புறா என்று பலரும் அழைக்கும் இது நம் ஊர்க் காக்கையைவிடச் சற்றுப் பெரியது. லடாக், திபெத் போன்ற உயர்ந்த பீடபூமிகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் கடற்கரைக்கு வருகிறது. அக்டோபர், நவம்பரில் வரத் தொடங்கி ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும்.

குளிர்காலத்தில் வளர்ந்த பறவையின் தலை வெண்மையாகத்தான் இருக்கும்; கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு காணப்படும். முதுகு சாம்பல் நிறம், கால்கள் சிவப்பு, அலகு சிவப்பாகி நுனியில் கருத்திருக்கும். கருவிழியைச் சுற்றியுள்ள வளையம் வெளிறியிருப்பதால் பார்வையில் ஒரு கூர்மை தெரியும். பறக்கும்போது இறக்கை நுனிக் கருமைக்குள் வெண்ணிறப் பொட்டுகள் பளிச்சிடும். இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, குறிப்பேட்டில் ஒரு பறவையின் எளிய கோட்டோவியத்தை வரைந்து ஒவ்வொன்றாகக் குறியுங்கள். வரைவதற்கு ஓவியத் திறமை வேண்டியதில்லை; வரையும்போதுதான் காலின் நிறத்தைப் பார்க்கவில்லை என்பது நமக்கே தெரியவரும்.

அடுத்து இளம்பறவையைத் தேடுங்கள். இறக்கையின் மேற்புறத்தில் பழுப்புத் திட்டுகளும், வால் நுனியில் ஒரு கரும்பட்டையும் இருந்தால் அது முந்தைய கோடையில் பிறந்தது. வேறோர் இனம் என்று புதியவர்கள் எழுதிவைப்பது பெரும்பாலும் இந்த இளம்பறவையைத்தான். மார்ச் மாதத்தில் மீண்டும் கவனியுங்கள்: வளர்ந்த பறவைகளின் வெள்ளைத் தலையில் பழுப்பு படரத் தொடங்கும். புறப்படும் நாள் நெருங்கும்போது சில பறவைகள் முழுப் பழுப்பு முகமூடியுடனும், சில பாதி மாறிய தலையுடனும் ஒரே படகின் விளிம்பில் அமர்ந்திருக்கும்.

இப்படி ஒரு பறவையை அதன் எல்லா வயதிலும் உடையிலும் அறிந்தபின், அதிலிருந்து வேறுபடுவது எதுவும் தானாகக் கண்ணில் படும். கூட்டத்தில் சற்றே சிறியதாக, கரிய கண்ணுடன், இறக்கையின் முன்விளிம்பில் நீண்ட வெள்ளைப் பட்டையுடன் ஒன்று பறந்தால் அது கருந்தலைக் கடற்காகமாக இருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிதாக, தடித்த மஞ்சள் அலகின் நுனியில் சிவப்பும் கருப்பும் கலந்து நின்றால் அது பல்லாஸ் கடற்காகம். பெரிய கடற்காகங்கள் முழு வளர்ச்சி பெற நான்கு ஆண்டுகள் வரை ஆவதால், ஒவ்வோர் ஆண்டிலும் வெவ்வேறு இறகணியில் தோன்றும்; அவற்றை இனம் காணும் வேலையை இரண்டாவது பருவத்திற்கு ஒத்திவைத்தால் இழப்பொன்றுமில்லை.

பிறகு ஆலாக்கள்

கடற்காகத்திற்கு அகன்ற இறக்கை, நீரில் மிதந்து ஓய்வெடுக்கும், கிடைத்ததைத் தின்னும். ஆலாவுக்கோ ஒடுங்கிய நீண்ட இறக்கை, பெரும்பாலும் பிளவுபட்ட வால். பறக்கும்போது அலகைக் கீழ்நோக்கிப் பிடித்து நீரை ஆராயும். மீனைக் கண்டால் தலைகீழாகப் பாயும். நீரில் அமர்வது அரிது. இந்த வேறுபாட்டைத் தொலைவிலிருந்தே உணர முடியும்.

அலகைப் பார்த்தே பல ஆலாக்களை அடையாளம் காணலாம். பெரிய கொண்டை ஆலாவுக்கு மஞ்சள். சிறு கொண்டை ஆலாவுக்கு ஆரஞ்சு. ஆலாக்களிலேயே மிகப்பெரியதான காஸ்பியன் ஆலாவுக்குப் பருத்த சிவப்பு. பருத்த அலகு ஆலாவின் அலகு குட்டையாகக் கருத்திருக்கும். அது நீரில் பாய்வதைவிடச் சேற்றுத் திட்டின்மேல் தாழப் பறந்து நண்டுகளைக் கொத்துவதையே எண்ணூரில் அதிகம் காணலாம். கழிமுகத்தின் உட்பகுதியில் நீர்ப்பரப்பைத் தொட்டுத் தொட்டுப் பறப்பது மீசை ஆலா.

கொண்டை ஆலாக்கள் நிற்கும் மணல்திட்டில் அரைமணி நேரம் பொறுமையாக நின்றால் ஒரு குடும்பக் காட்சி கிடைக்கும். வளர்ந்த பறவையின் பருமனே கொண்ட, ஆனால் இறக்கையில் கரும்பழுப்புத் திட்டுகளுள்ள இளம்பறவை ஒன்று உடலைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, மெல்லிய குரலில் இடைவிடாது இறைஞ்சும். மீனை அலகில் ஏந்தி வரும் தாயோ தந்தையோ அந்தக் கூட்டத்தில் தன் குஞ்சைக் குரலால் அறிந்து அதற்கு மட்டும் கொடுக்கும். பறக்கக் கற்ற பிறகும் பல மாதங்கள் இவ்வாறு ஊட்டுவது கொண்டை ஆலாக்களின் வழக்கம். நகரும் நீருக்குள் நழுவும் மீனை மேலிருந்து குறிதவறாமல் பிடிப்பது கற்றுத் தேற வேண்டிய தொழில் என்பதால் அந்தக் கால அவகாசம் இளம்பறவைக்குத் தேவைப்படுகிறது.

பறவைகள் குறையும் மாதங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. கடற்காகங்களும் வடக்கே போயிருக்கும். இக்காலத்தில் காசிமேட்டுக்குப் போவதில் பயனில்லை. திறந்த கரையில் கொண்டை ஆலாக்கள் தென்படும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஷியர்வாட்டரும், அன்டார்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு வடக்கே வரும் வில்சன் பெட்ரலும் நம் கடலில் திரியும். சுமார் 40 கிராம் எடையுள்ள அந்தச் சிறு பறவையை ஆழ்கடலுக்குச் செல்லும் தொழிலாளர்கள்தாம் பார்க்கிறார்கள்.

புயலின்போது ஆழ்கடல் பறவைகள் நகரத்திற்குள் வந்து விழுவதுண்டு. அவற்றுள் குறிப்பிடத்தக்கது மேலே கருத்தும் கீழே வெளுத்தும் இருக்கும் சூட்டி ஆலா. கூட்டை விட்டுப் பறந்தபின் இனப்பெருக்க வயது வரும்வரை பல ஆண்டுகள் தரையைத் தொடாமலே கடல்மேல் வாழக்கூடிய பறவை இது. லட்சத்தீவுகளிலுள்ள ஆளில்லாத பிட்டி என்னும் குட்டித்தீவு இதன் இனப்பெருக்க இடங்களுள் ஒன்று. அப்படிப்பட்ட பறவை தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

விழுந்து கிடக்கும் பறவைக்கு

ஒரு துணியை மெல்ல மேலே போட்டு, அலகு நம் முகத்திற்கு எட்டாதவாறு தள்ளிப் பிடித்துத் தூக்குங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான, அமைதியான இடத்தில் விடுங்கள். பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவை உணவன்று, ஓய்வு. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கடற்பறவைதானே என்று வாளி நீரில் விடாதீர்கள். பறக்கிறதா என்று பார்ப்பதற்காக மேலே வீசாதீர்கள். உடனே வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். இறந்து கிடக்கும் பறவையை வெறும் கையால் தொட வேண்டாம். பறவைக் காய்ச்சல் பரவும் வாய்ப்பு உண்டு.

எண்ணெய் படிந்த பறவை இன்னும் கடினமான நிலை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய் இந்தக் கரை முழுவதும் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது கூழைக்கடாக்கள் கரிய பூச்சுடன் நின்றன. எண்ணெய் பட்டால் இறகிழைகளின் பிணைப்பு அவிழ்ந்து, நீர் தோலை எட்டி, உடல் சூடு வெளியேறுகிறது. பறவை தன் இயல்புப்படி இறகைக் கோதக் கோத அந்த எண்ணெயை விழுங்குகிறது. வீட்டிலுள்ள சோப்பால் கழுவ முயன்றால், குளிர்ந்து களைத்த பறவை அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடும். பெட்டியில் கதகதப்பாக வைத்துப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே நாம் செய்யக்கூடியது.

நலமாக இருக்கும் பறவைகளுக்கு மிக்சரும் ரொட்டியும் வீசுவதை நிறுத்துங்கள். படத்திற்காகக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடுவதும் தவறு. மார்ச், ஏப்ரலில் கடற்காகங்கள் இமயத்தைத் தாண்டும் பயணத்திற்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும். வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. நீங்கள் நெருங்கும்போது ஓய்ந்திருந்த பறவைகள் தலையை உயர்த்தி ஒரே திசையில் பார்க்கத் தொடங்கினால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

பழவேற்காடு

இரண்டாவது குளிர்காலத்தில் போகலாம். பொன்னேரி வரை புறநகர் ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் செல்வது வசதி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. முகத்துவாரத்தையொட்டிய மணல்திட்டுகளில் ஆலாக்களும் கடற்காகங்களும் பெருந்திரளாக இளைப்பாறும். அங்கே மூன்று காலில் நிற்கும் தொலைநோக்கி உதவும். அனுமதியற்ற படகில் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். கரையிலிருந்தே பார்க்கப் போதுமான பறவைகள் உள்ளன.

எழுதிவையுங்கள்

தேதி, நேரம், இடம், காற்றின் திசை, ஏற்றமா வற்றமா, எந்தப் பறவை எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்பனவற்றை அங்கேயே எழுதுங்கள். வீட்டில் நினைவிலிருந்து எழுதுவது நம்பத்தக்கதன்று. பெருங்கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்திருக்கும் இடத்தின் அளவைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவு கூட்டத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். இந்தக் குறிப்புகளை, பறவை பார்ப்போர் தம் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் என்னும் இணையதளத்தில் பதிவுசெய்தால் வடசென்னையின் பறவைகள் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கும் அவை பயன்படும். 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் நடைகளில் கலந்துகொண்டால் அனுபவமுள்ளவர்களின் தொலைநோக்கி வழியே பார்க்கவும் கேட்கவும் முடியும்.

காலில் உலோக வளையமோ நிறப்பட்டையோ உள்ள பறவையைக் கண்டால், வளையம் இடது காலிலா வலது காலிலா, பட்டையின் நிறம் என்ன, அதில் உள்ள எழுத்தும் எண்ணும் எவை என்பதை ஒன்றுக்கு இருமுறை சரிபார்த்து எழுதி, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்புங்கள். எண்ணின் ஒரு பகுதி மட்டுமே படிக்க முடிந்திருந்தால், மீதியை ஊகித்து நிரப்பாமல் தெரிந்ததை மட்டும் அனுப்புங்கள்.